தாடை உடைந்தவரும் கூட வந்தவரும்

கை உடைந்தவர் ஆஸ்பத்திரிக்கு வந்தால் எப்படி உடைந்தது என்பதை அவரே சொல்வார். தாடை உடைந்தவர் வந்தால் கூட வந்தவர்தான் சொல்வார். முகத்திலும் தாடையிலும் அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற எங்கள் தொழிலின் மொத்தச் சங்கடமும் இதுதான். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்துக்கொண்டு, "எந்த ஊரு? பசங்க என்ன படிக்கிறாங்க?" என்ற கேள்விகளுக்கெல்லாம் "ஆ... ஆ" என்று பதில் சொல்லித் தவித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம் கட்சிதான். என் நோயாளிகள் அதே தவிப்பை வாரக்கணக்கில் அனுபவிப்பவர்கள்.

நான் திண்டுக்கல்காரி. கொடைக்கானலுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. ஏரியிலிருந்து மேலே ஏறும் சாலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதில் 'முகத்தாடை அறுவைப் பிரிவு' என்று ஒரு பலகை தொங்கும். அந்தப் பிரிவு என்பது நானும் புஷ்பம் சிஸ்டரும் மட்டும்தான். மலையில் விழுவதற்கு இடமா பஞ்சம்? பைக்கிலிருந்து விழுந்தவர், படிப்படியான வயலில் உருண்டவர், காட்டுமாட்டைப் பார்த்து ஓடிச் சுவரில் மோதியவர் என்று வகைவகையாக வருவார்கள். அவர்களுக்கு ஓர் அடி முன்னால் கூட வந்தவர் கதையோடு நுழைவார். அந்தக் கதையில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்பது முதல் வருடமே நானாகப் போட்டுக்கொண்ட சட்டம். அதற்குக் காரணம் இருக்கிறது.

பாத்ரூமில் லாடம்

அப்போது சீசன். ஏரியோரம் குதிரை விடுகிற அண்ணனும் தம்பியும் வந்தார்கள். தம்பிக்கு இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றார் அண்ணன். கேட்காமலே இரண்டாவது தடவையும் சொன்னார்.

கன்ன எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்க நாங்கள் முன்னால் நிற்பதில்லை. தலைக்குப் பின்னால் நின்று மேலிருந்து எட்டிப் பார்ப்போம். வீக்கம் எவ்வளவு மறைத்தாலும் எந்தப் பக்கம் உள்ளே அமுங்கியிருக்கிறது என்பது அங்கிருந்து தெரிந்துவிடும். பார்த்தேன், அமுங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே எலும்பு விளிம்பில் விரலை ஓட்டினேன், நடுவில் படி மாதிரி தட்டியது. மேலுதடு மரத்திருக்கிறதா என்றேன், ஆமாம் என்று தம்பி தலையாட்டினார். எல்லாம் படித்தபடியே இருந்தது. கன்னத்துத் தோலில் இருந்த காயம்தான் இடித்தது. அழகான அரைவட்டம், ஓரத்தில் வரிசையாக ஆணித் தலைகள் பதிந்த தடம்.

எந்த பாத்ரூம் தரையில் லாடம் அடித்திருக்கிறார்கள் என்று அண்ணனைக் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் தம்பி நாற்காலியை விட்டு எழுந்து, திரும்பி நின்று, ஒரு காலைப் பின்னால் உதைத்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். அண்ணன் வழிக்கு வந்தார். குதிரை உதைத்தது என்று எழுதினால் சீசனில் அதை ஏரிப் பக்கமே விடமாட்டார்கள் என்று அவருக்குப் பயம். நடந்ததைத்தான் எழுதுவேன் என்று நான் கறாராகச் சொன்னதும் கதவு வரை போனவர் திரும்பி நின்றார்.

"எழுதுறதுன்னா எழுதிக்கங்கம்மா. வேணும்னு ஒதைக்கலைன்னு ஒரு வரி மட்டும் சேத்துப் போடுங்க, பாவம், வாயில்லா சீவன்."

கொட்டாவி

சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் வண்டியை ஏரிக்கரையில் நிறுத்தி, கீழே இறங்கி, சோம்பல் முறித்து, நிம்மதியாக ஒரு கொட்டாவி விட்டிருக்கிறார். திறந்த வாய் மூடவில்லை. தாடை மூட்டு அதன் குழியை விட்டு முன்னால் நழுவினால் இப்படித்தான் ஆகும். அவருக்குத் துணையாகப் பேருந்தில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் அவர் கன்னத்தில் தைலம் தேய்த்திருந்தார். இன்னொருவர், அதிர்ச்சி கொடுத்தால் மூடிக்கொள்ளும் என்று யாரோ சொன்னதை நம்பி, முதுகில் ஓங்கி அறைந்திருந்தார். ஓட்டுநர் வாயைத் திறந்தபடி கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

இதற்கு மருந்து மாத்திரை கிடையாது. இரண்டு கட்டை விரலிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, கீழ்க் கடைவாயில் வைத்து, முதலில் கீழே அமுக்க வேண்டும், அப்புறம் பின்னால் தள்ள வேண்டும். மூட்டு குழிக்குள் போனதும் வாய் சட்டென்று மூடிக்கொள்ளும். விரலை எடுக்கத் தாமதித்தால் கடி விழும், அப்புறம் டாக்டரின் கதையைச் சிஸ்டர் சொல்ல வேண்டிவரும். நான் தப்பித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். இனிச் சில வாரத்துக்கு வாயை அகலமாகத் திறக்கக் கூடாது, கொட்டாவி வந்தால் இரண்டு கையாலும் முகவாயைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஓட்டுநருக்குச் சொன்னேன். கைதட்டல் நின்றுவிட்டது. பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா மெதுவாகக் கேட்டார்.

"அந்த நேரத்துல ஸ்டீரிங்க யாருங்க புடிக்கிறது? கீழ எறங்குற வரைக்கும் வளைவாத்தான கெடக்கு?"

கையில் கத்தரிக்கோல்

உடைந்த தாடை அசையாமல் இருக்க, மேல் பல்லிலும் கீழ்ப் பல்லிலும் கம்பி வைத்து, சின்னச் சின்ன ரப்பர் வளையத்தால் இரண்டையும் சேர்த்துக் கட்டுவோம். கஞ்சியும் சூப்பும்தான் சாப்பாடு. ஒரே ஆபத்து வாந்தி. வாய் கட்டியிருக்கும்போது வாந்தி வந்தால் மூச்சு அடைத்துவிடும். எங்கள் மலைப்பாதையோ வயிற்றைக் கலக்குவதற்கென்றே போட்ட பாதை. அதனால் கீழே இறங்குகிறவர்களிடம் ஒரு சின்னக் கத்தரிக்கோலையும் கொடுத்து, வாந்தி வருகிற மாதிரி இருந்தால் உடனே ரப்பரை வெட்டிவிட வேண்டும் என்று கூட வந்தவருக்குப் பாடம் எடுத்து அனுப்புவேன்.

வத்தலக்குண்டுக்காரர் ஒருவருக்குத் துணையாக வந்தவர் அவருடைய மச்சினன். பாடத்தை என் முகத்தைப் பார்த்து ஒப்பித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினார். இரண்டு மணி நேரத்தில் இருவரும் திரும்பி வந்து நின்றார்கள். மாமாவின் வாயில் கம்பி இருந்தது. ரப்பர் ஒன்றுகூட இல்லை. வாந்தி எடுத்தாரா என்று பதறினேன். மாமா இல்லை என்று தலையை ஆட்டினார். அவருக்கு இருந்த கோபத்தில் வாய் இப்போது திறக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. மச்சினன் கத்தரிக்கோலை மேசையில் பயபக்தியோடு வைத்துவிட்டு விளக்கினார்.

"முன் சீட்டுல ஒருத்தரு வாந்தி எடுத்தாருங்க. அடுத்து மாமாவுக்குத்தான் வரும்னு, வெரசா வெட்டிட்டேன்."

பல் தெரியாத போட்டோ

இப்படிப்பட்ட துணைகளை வருடக்கணக்கில் பார்த்த பிறகுதான் பூம்பாறையிலிருந்து பாண்டியம்மாள் தன் கணவர் குழந்தைவேலுவைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைப்பூண்டு விவசாயம். குழந்தைவேலுவின் தாடை இரண்டு பக்கமும் உடைந்து முகவாய் தொங்கியது. காட்டுமாடு துரத்தியதில் விழுந்துவிட்டார் என்றார் பாண்டியம்மாள். பின்னால் நின்ற குழந்தைவேலு இல்லவே இல்லை என்று கையை ஆட்டினார். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. பூண்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வரும்போது சொந்த வயலின் கல்வரப்பிலேயே கால் தவறிக் குப்புற விழுந்திருக்கிறார். சொந்த வரப்பில் விழுந்தார் என்றால் ஊர் சிரிக்குமே என்று அந்த அம்மா மாட்டைச் சேர்த்திருக்கிறார். நான் மனதுக்குள் என் சட்டப்படி அவரையும் கதைக்காரர் வரிசையில் உட்கார வைத்துவிட்டேன்.

தாடை வைத்தியத்தில் எலும்பைச் சேர்ப்பது பாதி வேலைதான். அடிபடுவதற்கு முன்னால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எப்படிச் சேர்ந்தனவோ அப்படியே சேர்க்க வேண்டும். அது ஒரு நூல் பிசகினாலும் ஆயுசுக்கும் சரியாக மெல்ல முடியாது. குழந்தைவேலுவுக்கு இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் கிடையாது; எப்போதோ ஒவ்வொன்றாகப் பிடுங்கியாகிவிட்டது. மிச்சமிருந்த பற்கள் இரண்டு விதமாகவும் சேர்ந்தன. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இருப்பதுபோலக் கீழ்ப் பல் மேல் பல்லுக்கு உள்ளே போயும் உட்கார்ந்தது, வெளியே வந்தும் உட்கார்ந்தது. இந்த மாதிரி நேரத்தில் பல் தெரியச் சிரிக்கிற பழைய போட்டோ ஒன்று கிடைத்தால் போதும். கேட்டேன். பாண்டியம்மாள் ஊருக்குப் போன் போட்டார். என் வாட்ஸப்பில் போட்டோவாக வந்து கொட்டியது. கல்யாணம், காதுகுத்து, தேரோட்டம், யாரோ வாங்கிய டிராக்டர். எல்லாவற்றிலும் குழந்தைவேலு இருந்தார். ஒன்றில்கூட உதடு பிரியவில்லை. கல்யாணத்தன்றாவது சிரித்திருக்கக் கூடாதா என்று நான் அலுத்துக்கொண்டேன்.

"போட்டோக்காரரு சிரிங்க சிரிங்கன்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தாருங்கம்மா. இது வேலைக்காகாதுன்னு அவரே சிரிச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

சரிங்க

அன்று திங்கட்கிழமை. வீக்கம் வற்றும் வரை ரப்பர் போட்டுக் கட்டி வைத்து, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மயக்கம் கொடுத்துத் தகடு வைத்து ஆணி முடுக்குவது என்று முடிவு செய்தேன். கீழ்ப் பல்லை உள்ளே தள்ளி, எல்லோருக்கும் இருப்பதுபோலவே சேர்த்தேன். கட்டுவதற்கு முன் குழந்தைவேலுவைக் கடிக்கச் சொல்லி, சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். சரிங்க என்றார். வாசலில் நின்ற பாண்டியம்மாள், கீழ்ப் பல் வெளியே அல்லவா நிற்கும் என்றார். காட்டுமாட்டை அழைத்து வந்தவர்தானே என்று நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை பாண்டியம்மாள் என்னை வராந்தாவில் மறித்து, இது இவர் வாயே இல்லை என்றார். வீங்கியிருப்பதால் அப்படித் தெரிகிறது என்று சொல்லி அனுப்பினேன். புதன்கிழமை மறுபடி வந்து நின்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பல்லுக்குச் சொந்தக்காரரே சரி என்கிறார், உங்களுக்கு என்ன என்று கேட்டேன். கேட்டுவிட்டு, சந்தேகம் தீர்த்துக்கொள்ளலாம் என்று தனியாகப் போய்க் குழந்தைவேலுவிடம் திரும்பவும் கேட்டேன். கட்டிய வாய்க்குள்ளிருந்து மரியாதையாக அதே பதில் வந்தது, சரிங்க. பாண்டியம்மாள் மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். புஷ்பம் சிஸ்டர் சும்மா இருக்கவில்லை. அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். பேச்சு என்ற இடத்தில் கதை என்ற சொல் அவருக்கு இன்னும் வரும். நான் கோபமாக இருக்கும்போது யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். சிஸ்டர் அப்போதுதான் பேசுவார். ஊசிப் பெட்டியை அடுக்கியபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"டாக்டர்ட்ட இந்த ஊரு சனம் இல்லைன்னு கதைக்க மாட்டாங்க. அவரு சரிங்கன்னது பல்லுக்கில்ல டாக்டர், உங்களுக்கு."

ரேஷன் அட்டை

வியாழக்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸில் பாண்டியம்மாள் வந்து இறங்கிவிட்டார். ஸ்வெட்டருக்குள்ளிருந்து ரேஷன் அட்டையை எடுத்து நீட்டினார். காப்பீட்டுக்குக் கேட்டிருப்பார்களோ என்று நினைத்து, அதை ஆபீஸில் கொடுக்கச் சொன்னேன். அவர் அட்டையைத் திருப்பி அதன் ஓரத்தைக் காட்டினார். கெட்டியான பிளாஸ்டிக்கில் மேலேயும் கீழேயும் வரிசையாகப் பல் தடம்.

விஷயம் இதுதான். மாதாமாதம் ரேஷன் வாங்கப் போகிறவர் குழந்தைவேலு. தலையில் அரிசி மூட்டை, அதைப் பிடிக்க ஒரு கை. மறு கையில் பாமாயிலும் பருப்பும். அட்டையைச் சட்டைப் பையில் போடக் கை இருக்காது. பல்லில் கடித்துக்கொண்டு வீடு வரை நடப்பார். அட்டை வீணாகிறது என்று ஏழெட்டு வருடமாக மாதாமாதம் பாண்டியம்மாளிடம் திட்டு வாங்கியும் அவர் அதை விடவில்லை. அட்டையின் முன்பக்கத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு குழந்தைவேலுவின் போட்டோ. எந்தப் போட்டோவிலும் பல்லைக் காட்டாத மனிதர் அந்த அட்டையின் ஓரத்தில் முழு வரிசையையும் பதித்து வைத்திருந்தார்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேல் பக்கத்துத் தடத்தை விடக் கீழ்ப் பக்கத்துத் தடம் நன்றாக வெளியே தள்ளியிருந்தது. ரப்பரை வெட்டிவிட்டு, அட்டையைத் துடைத்துக் குழந்தைவேலுவின் மேல் பல்லில் வைத்தேன். மேல் பல் அதன் குழியில் உட்கார்ந்தது. கீழ்த்தாடையை மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். கீழ்ப் பல் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் விழுந்தது. பாண்டியம்மாள் சொன்னபடியே, வெளியே. பிறகு பற்களின் தேய்ந்த விளிம்பைப் பார்த்தால் அதுவும் அதையேதான் சொன்னது. திங்கட்கிழமையே நான் பார்த்திருக்க வேண்டியது.

எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால், இல்லாத ஒரு வாயை அந்த மனிதருக்கு ஆணி அடித்துக் கொடுத்திருப்பேன். பிறகு அவரால் ஒரு கேரட்டைக்கூடக் கடித்திருக்க முடியாது. பாண்டியம்மாளின் கையைப் பிடித்து, என் தப்புதான் என்று சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, புருஷனைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக உங்களுக்கே தெரியவில்லையா, ஏன் சொல்லவில்லை என்று குழந்தைவேலுவைக் கேட்டேன். ரப்பர் இல்லாத வாயால், வலியோடு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"தெரிஞ்சதுங்கம்மா. படிச்சவங்க செய்றீங்க, பழைய வாயவிட நல்ல வாயாத்தான் வைப்பீங்கன்னு இருந்துட்டேன்."

இல்லீங்க

பத்து மணிக்கு நடக்க வேண்டியது பன்னிரண்டு மணிக்கு நடந்தது. அவருடைய வாயையே அவருக்கு வைத்தோம். அதற்கப்புறம் சில வாரம் பூண்டுக் கஞ்சி. அவர் பரிசோதனைக்கு வருகிற நாளெல்லாம் என் அறை ரசம் வைத்த அடுப்படி மாதிரி மணக்கும். ரப்பரையும் கம்பியையும் எடுத்த அன்று கணவன் மனைவி இருவரும் வந்திருந்தார்கள். வயலில் சோலி கிடக்கிறது, சீக்கிரம் விடுங்கள் என்று பாண்டியம்மாள் வந்ததிலிருந்தே அவசரப்படுத்தினார்.

குழந்தைவேலுவைக் கடிக்கச் சொன்னேன். வாய்ப் பழக்கம் யாரை விட்டது? எப்படி இருக்கிறது என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டேன். வழக்கம்போல அவரும் சரிங்க என்றார். புஷ்பம் சிஸ்டர் தொண்டையைச் செருமினார். நான் நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தேன். நான் ஒரு தடவை தப்பு செய்தவள், இன்னொரு தடவையும் செய்யக்கூடியவள், அவசரமில்லாமல் கடித்துப் பாருங்கள், நீங்கள் சொன்னால்தான் எனக்குத் தெரியும் என்றேன். பாண்டியம்மாள் கணவரைப் பார்த்தார். உதவிக்கு வரவில்லை. அவசரம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

குழந்தைவேலு கடித்தார். வலது பக்கம் கடித்தார், இடது பக்கம் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை கடித்தார். நெற்றியில் வேர்வை; வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு என்னை நேராகப் பார்க்காமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார்.

"இல்லீங்கம்மா. எடது ஓரத்துப் பல்லு ஒரு இம்மி முன்னாடியே இடிக்குது."

இடித்ததுதான், ராவிவிட்டேன், சரியாகிவிட்டது. தாடையைக் கட்டவும் ஆணி முடுக்கவும் காலேஜிலேயே கற்றுக்கொடுத்துவிட்டார்கள், ஒரு மனிதரை என் முன்னால் 'இல்லீங்க' என்று சொல்லவைக்கத்தான் எனக்கு ஒன்பது வருடம் பிடித்தது.